எங்கள் ஊர் மரச்செக்குக் கடை: விலை கூடுதல்தான், ஆனாலும் வாங்கலாம்

கண் முன்னாலேயே எள்ளைக் கொட்டி, கருப்பட்டி தட்டிப் போட்டு ஆட்டித் தருகிறார்கள். இட்லிப் பொடிக்கு இந்த நல்லெண்ணெயை விட்டால் வேறு வேண்டாம். கடலை எண்ணெயும் சுத்தம், ஆனால் அடியில் கசடு நிற்கிறது, இன்னும் கொஞ்சம் வெயிலில் தெளியவிட்டுக் கொடுக்கலாம்.

விலை பாக்கெட் எண்ணெயைவிட நன்றாகவே அதிகம். அதற்குக் கடைக்காரரைக் குறை சொல்ல மனசு வரவில்லை, எண்ணெய் விலையே பெரும்பாலும் வெளிநாட்டின் கையில் இருக்கிறது. நாடு சாப்பிடும் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி: இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து பாமாயில், அர்ஜென்டினாவிலிருந்து சோயா, ரஷ்யா, உக்ரைனிலிருந்து சூரியகாந்தி. 2022 ஏப்ரலில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதிக்குத் தடை போட்டது நினைவிருக்கும். 1990களின் தொடக்கத்தில் ஏறக்குறைய தன்னிறைவு கண்ட நாடு இது என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, தேங்காய் எண்ணெய் வேண்டுமென்றால் காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்குள் தீர்ந்துவிடும்.