கென்டக்கி பண்ணைச் சுற்றுலா: குதிரையைக் காட்டினார்கள், பென்னி செனரியைக் காட்டவில்லை

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள லெக்சிங்டன் நகரிலிருந்து பந்தயக் குதிரைப் பண்ணைகளுக்கு ஆட்களை அழைத்துச் செல்லும் வேன் சுற்றுலாக்களில் ஒன்றில் நானும் என் அக்காவும் சென்ற ஏப்ரலில் முன்பதிவு செய்து, அரை நாள் சுற்றி வந்தோம். சொன்ன நேரத்துக்கு வண்டி வந்தது. எட்டுப் பேருக்கு மேல் ஏற்றவில்லை. ஓட்டுநரே வழிகாட்டியாகவும் இருந்து, கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். இருந்தும் ஐந்துக்கு மூன்றரைதான் கொடுக்கிறேன். குறைத்ததற்கு ஒரே காரணம், செக்ரடேரியட் என்ற புகழ்பெற்ற பந்தயக் குதிரையின் உரிமையாளரான பென்னி செனரி என்ற பெண்ணின் வாழ்க்கையை அவர்கள் சொன்ன விதம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பாரிஸ் என்ற சிற்றூருக்கு அருகிலுள்ள கிளெய்போர்ன் பண்ணைதான் இந்தச் சுற்றுலாவின் உயிர். பொலிகுதிரை ஒன்றை லாயக்காரர் வெளியே நடத்திக் கொண்டுவந்து நிறுத்தி, கழுத்தைத் தொட்டுப் பார்க்க அனுமதித்தார். பட்டுப் போன்ற தோலுக்கு அடியில் நரம்பு துடிப்பது உள்ளங்கையில் தெரிந்தது. அது மூச்சு விட்டபோது என் முழங்கை வரை சூடு பரவியது. செக்ரடேரியட் வாழ்ந்த லாய அறையையும் காட்டினார்கள். அதற்கு முன் அதே அறையில் இருந்தது அதன் தந்தையான போல்ட் ரூலர். இறந்த பந்தயக் குதிரைகளின் தலை, இதயம், குளம்புகள் ஆகியவற்றை மட்டும் புதைப்பதுதான் அங்கே பழைய வழக்கம். 1989-இல் இறந்த செக்ரடேரியட்டை முழு உடலாக அடக்கம் செய்திருக்கிறார்கள். பெயரும் ஆண்டுகளும் மட்டுமே பொறித்த அந்தச் சிறிய கல்லின் முன்னால் யாரோ பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அந்தக் கல்லின் அருகில் நின்றுதான் வழிகாட்டி, "கொலராடோவில் நான்கு பிள்ளைகளோடு இருந்த ஓர் இல்லத்தரசிக்கு அடித்த அதிர்ஷ்டம் இந்தக் குதிரை" என்று சொல்லி முடித்துக்கொண்டார். பென்னி செனரியைப் பற்றி எங்கள் காதில் விழுந்தது அவ்வளவுதான். இல்லத்தரசி என்பது பொய்யில்லை. ஆனால் அவர் ஸ்மித் கல்லூரியில் படித்தவர். இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில் செஞ்சிலுவைச் சங்கத் தொண்டராக ஐரோப்பா சென்றவர். பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருந்த கொலம்பியா வணிகப் பள்ளியில் சேர்ந்து, திருமணத்துக்காக இடையில் படிப்பை விட்டவர். 1967-இல் தாய் இறந்து, தந்தை கிறிஸ்டபர் செனரி நினைவாற்றல் குன்றிப் படுத்த பிறகு, வர்ஜீனியாவில் இருந்த மெடோ பண்ணை நட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. விற்றுவிடலாம் என்றே குடும்பத்தில் பேச்சு. விற்கக் கூடாது என்று நின்றவர் இவர்.

பூவா தலையா போட்ட கதையை மட்டும் வழிகாட்டி சுவையாகச் சொன்னார். போல்ட் ரூலருக்குப் பிறக்கும் குட்டிகளைப் பங்கிட்டுக்கொள்ள 1969-இல், போல்ட் ரூலரை வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்த ஆக்டன் பிப்ஸும் பென்னியும் நாணயம் சுண்டினார்கள். வென்ற பிப்ஸ், ஏற்கெனவே பிறந்திருந்த பெட்டைக் குட்டியை எடுத்துக்கொண்டார். தோற்ற பென்னிக்கு, அவர் பண்ணைப் பெட்டைக் குதிரையான சம்திங்ராயலின் வயிற்றில் இருந்த குட்டி வந்தது. அதுதான் செக்ரடேரியட். அதிர்ஷ்டம் என்றால் இது அதிர்ஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1972-இல் கென்டக்கி டெர்பி, பெல்மான்ட் ஆகிய இரு பெரும் பந்தயங்களையும் வென்று பண்ணையைக் காப்பாற்றிய ரிவா ரிட்ஜும் இவர் பொறுப்பில் ஓடிய குதிரைதான். அதுவும் கிளெய்போர்னிலேயே புதைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கல்லின் பக்கம் எங்களை அழைத்துப் போகக்கூட இல்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது, 1973-ஆம் ஆண்டின் தொடக்கத்தை அப்படியே தாண்டிப் போனதுதான். ஜனவரியில் தந்தை இறந்தார். வாரிசுச் சொத்து வரி பெருந்தொகையாக வந்து நின்றது. மூன்று வயதில் இன்னும் ஒரு பந்தயம்கூட ஓடாத செக்ரடேரியட்டின் இனப்பெருக்க உரிமையை, தலா 1,90,000 டாலர் வீதம் 32 பங்குகளாக, மொத்தம் 60,80,000 டாலருக்கு விற்கும் ஏற்பாட்டைப் பென்னி செய்தார். அந்தப் பங்குகளைத் தொலைபேசியில் விற்றுக் கொடுத்தவர், தந்தையை இழந்து கிளெய்போர்ன் பொறுப்பை அப்போதுதான் ஏற்றிருந்த 23 வயது செத் ஹான்காக். அதாவது நாங்கள் நின்றிருந்த அதே பண்ணையில் சொல்ல வேண்டிய கதை அது. பங்கு வாங்கியவர்களின் பணத்துக்குப் பதில் சொல்லும் பாரத்தோடுதான் பென்னி ஜூன் மாதம் பெல்மான்ட் மேடையில் உட்கார்ந்திருந்தார். குதிரை 31 குதிரை நீளம் முந்தி, ஒன்றரை மைலை 2 நிமிடம் 24 விநாடிகளில் முடித்தது. மண் பாதையில் அந்தத் தூரத்துக்கான அந்த நேரத்தை இன்றுவரை எந்தக் குதிரையும் முறியடிக்கவில்லை. அன்று கைகளை உயர்த்தி ஆர்ப்பரித்த பென்னியின் படத்தைப் பார்க்கும்போது, அது வெறும் மகிழ்ச்சியாக எனக்குத் தெரியவில்லை. பெரும் பாரம் இறங்கிய முகமாகத்தான் தெரிகிறது.

அமெரிக்கப் பந்தயக் குதிரைகளின் இனப் பதிவேட்டை நடத்தும், 1894-இல் தொடங்கிய ஜாக்கி கிளப், பெண்களை முதன்முதலாக உறுப்பினராக்கியது 1983-இல்தான்; அப்போது சேர்க்கப்பட்டவர்களில் பென்னியும் ஒருவர். தொன்னூற்றைந்து வயதில், 2017-இல், அவர் காலமானார்.

திரும்பும் வழியில் இதையெல்லாம் வழிகாட்டியிடம் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு, பங்குத் தொகையை மறுபடி கேட்டுக் குறித்துக்கொண்டார். அதனால்தான் மூன்றிலிருந்து மூன்றரைக்கு ஏற்றினேன். போக நினைப்பவர்கள் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்; பிப்ரவரி நடுவிலிருந்து ஜூன் வரை இனப்பெருக்கக் காலம் என்பதால் பண்ணையில் எல்லோருக்கும் வேலை மும்முரமாக இருக்கும். கிளெய்போர்னில் கல்லறைப் பகுதிக்கு வந்ததும், ரிவா ரிட்ஜ் எங்கே என்று நீங்களாகவே கேளுங்கள்.