போலந்துத் தங்கம்: நூறு டுகாட்டா, டொனாட்டிவாவா, சாதா டுகாட்டா?

17-ஆம் நூற்றாண்டுப் போலந்துத் தங்கம் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் 1621-இன் 100 டுகாட்டில் போய் நிற்கிறார்கள். டுகாட் என்பது அந்தக் கால ஐரோப்பியத் தங்கக் காசு; இது நூறு டுகாட் மதிப்புள்ள ஒற்றை நாணயம். மூன்றாம் சிகிஸ்முண்ட் அரசர் காலத்தது. அச்சு வெட்டியவர் சாமுவேல் அம்மோன், அடித்தது பிட்கோஷ்ச் நாணயச்சாலை. ஏறக்குறைய 7 செ.மீ. அகலம், 350 கிராமை ஒட்டிய எடை; நம் கணக்கில் 43 சவரனுக்கு மேல்! அந்த வருடம் ஹோதின் கோட்டையில் ஒட்டோமான் படையைத் தடுத்து நிறுத்தியதன் நினைவாக அடித்தது என்பார்கள். 2018-இல் நியூயார்க் ஏலத்தில் ஒன்று 20 லட்சம் டாலரைத் தாண்டிப் போனது. ஏலப் பட்டியலில் படம் பார்த்துப் பெருமூச்சு விடலாம், அவ்வளவுதான்.

கைக்கு எட்டுகிற போட்டி க்டான்ஸ்க் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. விஸ்துலா ஆற்றுவழி வந்த தானியத்தை வெளிநாட்டுக்கு ஏற்றி விட்டுக் கொழுத்த துறைமுகம். சொந்த நாணயம் அடிக்கும் உரிமையும் அதற்கு இருந்தது. அதன் சாதா டுகாட் 3.5 கிராம், அநேகமாகச் சுத்தத் தங்கம். ஒரு பக்கம் அரசர் முகம். மறுபக்கம் இரண்டு சிங்கங்கள் தாங்கும் கேடயம், அதில் மேலும் கீழுமாக இரண்டு சிலுவை, மேலே கிரீடம். வணிகர் கைகளில் புரண்ட காசு என்பதால் பெரும்பாலும் தேய்ந்தோ லேசாக வளைந்தோதான் வரும். அதை நான் குறையாக நினைப்பதில்லை.

டொனாட்டிவா வேறு ரகம். அரசருக்குக் காணிக்கையாக நகரம் அடித்தது. பல டுகாட் எடை. பின்பக்கம் கோபுரங்களும் மதிலுமாக க்டான்ஸ்க் முழுவதும் தெரியும். அம்மோன் அடித்ததில் 'எஸ் ஏ' எழுத்தைத் தேடுங்கள். அழகில் சாதா டுகாட் இதன் பக்கத்தில் நிற்காது. வம்பே அந்த அழகில்தான்: வாங்கியவர்கள் வளையம் பற்றவைத்துச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்கள். பின்னால் வந்தவர்கள் வளையத்தைக் கழற்றி, விளிம்பைத் தேய்த்து விற்கிறார்கள். நாணயத்தின் தரத்தைச் சோதித்துச் சொல்லும் கிரேடிங் கம்பெனி, அதை அடைத்துத் தரும் ஸ்லாப் என்ற பிளாஸ்டிக் உறையில் தரத்துக்குப் பதில் 'மவுன்ட் (வளையம்) நீக்கியது' என்று எழுதிவிட்டால் விலை சடாரென்று சரியும்.

என் ஓட்டு? வளையத் தடமில்லாத டொனாட்டிவா கிடைத்தால் கடன் வாங்காத அளவுக்கு ஏலம் கேளுங்கள். தடம் இருந்தால், அதே பணத்துக்குத் துளையில்லாத சாதா டுகாட்டே மேல். எதுவானாலும் அரசர் தலைக்கு நேர் மேலே உள்ள விளிம்பைப் பக்கவாட்டில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விற்பவர் சாக்குச் சொன்னால் அடுத்த ஏலத்தைப் பாருங்கள்.