என்டி ஃபில்டர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

"ஃபோகஸ் பண்ணிட்டு அப்புறமாத்தான் ஃபில்டர் போடணும் சார். நீங்க மாத்திப் பண்ணிருப்பீங்க." அவரிடம் வாங்கிய என்டி ஃபில்டரைப் போட்டு எடுத்த மங்கலான படத்தோடு போய் நின்றதும் கடைக்காரர் சொன்னது இது. என்டி ஃபில்டர் என்பது லென்ஸுக்கு முன்னால் திருகி, உள்ளே வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி; ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தைப் பாதியாக்கும். 10 ஸ்டாப் என்டி ஃபில்டர் வாங்கும் யாருக்கும் இந்தப் பதில் கிடைக்கலாம். கேட்டுக்கொண்டு பேசாமல் திரும்பிவிடாதீர்கள்.

அவர் சொன்ன முறை என்னவோ சரிதான். அந்த ஃபில்டர் வெளிச்சத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும், ஆட்டோஃபோகஸ் தடுமாறும். அதனால் ஃபில்டர் இல்லாமல் ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றி, வளையம் நகராமல் ஒரு துண்டு டேப் ஒட்டிய பிறகுதான் ஃபில்டரைத் திருக வேண்டும். கன்னியாகுமரியில் அப்படியேதான் செய்தேன். தூரத்தைக் கிட்டத்தில் காட்டும் 200 எம்எம் லென்ஸில் திருவள்ளுவர் சிலை. ஃபில்டர் இல்லாத படத்தில் வலக்கையின் மூன்று விரல்களும் தனித்தனியாகத் தெரிகின்றன. ஃபில்டர் போட்டதில் மூன்றும் குழைந்து ஒன்றாகிவிட்டன.

காற்றில் ட்ரைபாட் ஆடியிருக்கும் என்றார் அடுத்து. எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார்! சரி என்று வீட்டுச் சுவரில் செய்தித்தாளை ஒட்டி, அதே 200 எம்எம்மில் எடுத்தேன். முதலில் ஃபில்டர் இல்லாமல், அப்புறம் அதே ஃபோகஸில் ஃபில்டரோடு. கடைசியாக, ஃபில்டரைக் கழற்றாமலே எழுத்தின் மேல் டார்ச் அடித்து, கேமராத் திரையில் தெரியும் லைவ் வியூவைப் பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் செய்து ஒன்று. இதில் படம் தெளிந்திருந்தால் ஃபோகஸைக் குறை சொல்லலாம். எனக்கோ எழுத்துகள் இரட்டையாகவே நின்றன. ஃபில்டர் கண்ணாடியே சமதளமாக இல்லை. வளையத்தை எப்படித் திருப்பினாலும் சரியாகாது. பரந்த காட்சியை எடுக்கும் வைட் லென்ஸில் இந்தக் கோளாறு அவ்வளவாகத் தெரியாது. கடையில் அவர் 18 எம்எம் வைட் லென்ஸில் மட்டும் போட்டுக் காட்டியிருந்தார்.

பில்லில் 'கேமரா ஆக்சஸரி' என்று மட்டும் இருக்கிறது. கீழே வழக்கம்போல 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது'. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கெடு குறிப்பிடாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். நீங்கள் வாங்கும்போது பிராண்டையும் ஸ்டாப் அளவையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். உங்களிடம் உள்ள நீளமான லென்ஸையும் ட்ரைபாடையும் கொண்டுபோய், காசு கொடுப்பதற்கு முன்னால் கடை வாசலில் இருந்தே எதிர்க்கடைப் பெயர்ப்பலகையை எடுத்துப் பாருங்கள்.