ஃபிளாஷ் அடிச்சுக் காட்டுனா உடனே நம்பிடாதீங்க: 14,500 ரூபா போச்சு

கோவத்துல எழுதுறேன், பிழை இருந்தா பொறுத்துக்கங்க. அவுட்டோர் ஷூட்டுக்குன்னு ஃபிளாஷ், ட்ரிகர் (கேமரா மேல மாட்டுனா தள்ளி நிக்கிற ஃபிளாஷை அடிக்க வைக்கிறது), சாஃப்ட்பாக்ஸ் (ஃபிளாஷ் வெளிச்சத்தை மென்மையாக்குற துணிப்பெட்டி) எல்லாம் சேர்த்து ஒரு செட்டு வாங்கினேன். 14,500 ரூபா. வாங்கி இன்னையோட ஒம்பது நாள் ஆகுது. அந்த 14,500 ரூபா இப்ப வீட்டு அலமாரியில அட்டைப்பெட்டியா கிடக்கு.

என்கிட்ட இருக்கிறது கேனான் 80டி, 85 எம்எம் 1.8 லென்ஸ். கல்யாணத்துக்கு முந்தின ஷூட்டுன்னா பார்ட்டி கேக்குறது ஒண்ணே ஒண்ணு: பேக்ரவுண்ட் மங்கி அவுட் ஆகணும், முகம் பளிச்சுனு இருக்கணும். உச்சி வெயில்ல அதுதான் சிக்கல். பேக்ரவுண்ட் மங்கணும்னா லென்ஸ் துளையை எஃப் 2.8 மாதிரி பெருசா திறக்கணும், எஃப் நம்பர் கூடக்கூட துளை சின்னதாகும். கடற்கரை வெளிச்சத்துக்கு ஐஎஸ்ஓ (சென்சாரோட வெளிச்ச உணர்வு) 100 வச்சு, எஃப் 2.8ல எடுக்கணும்னா ஷட்டர் 1/4000 விநாடி வரைக்கும் போகணும். 80டியில சாதாரணமா ஃபிளாஷ் சேர்ந்து அடிக்கிற எல்லை 1/250தான். அதைத் தாண்டணும்னா ஹை ஸ்பீடு சிங்க் வேணும், அதாவது வேகமான ஷட்டரோட ஃபிளாஷ் ஒத்துப்போற வசதி. ஃபிளாஷுலயும் வேணும், ட்ரிகர்லயும் வேணும். இது எனக்குத் தெரிஞ்ச விஷயம்தான். தெரிஞ்சே ஏமாந்தேன் பாருங்க, அதுதான் வயிறு எரியுது.

கடை பேரைச் சொல்லல. கேமரா சாமான் விக்கிற, செகண்ட் ஹேண்டும் எடுக்கிற ஒரு மாடிக்கடைன்னு வச்சுக்கங்க. "அண்ணே, ஹை ஸ்பீடு சிங்க் இருக்கணும், 1/4000ல அடிக்கணும்"னு வாயைத் திறந்து கேட்டேன். "தம்பி, நானும் 20 வருஷம் கல்யாணம் எடுத்தவன்தான்"னு கடைக்காரர் ஆரம்பிச்சார். பெட்டியைத் திருப்பி, பொடி எழுத்துல இருந்த ஒரு நம்பர் மேல விரலை வச்சார். 1/20000. "நீங்க நாலாயிரம் கேக்குறீங்க, இது இருபதாயிரம் போகும்."

அந்த நொடியிலதான் விழுந்தேன். அந்த 1/20000 ஷட்டர் ஸ்பீடே இல்ல. பவரைக் கடைசி வரைக்கும் குறைச்சு வச்சா ஃபிளாஷ் எவ்வளவு நேரம் எரியும்ங்கிற கணக்கு அது. சிங்க்குக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனா இருபதாயிரம்னு பார்த்ததும் மண்டை கிறுகிறுத்துப் போச்சு. கடைப் பையனை நிக்க வச்சு, என் கேமராவை 1/125ல வச்சு, டியூப்லைட் வெளிச்சத்துல ஒண்ணு அடிச்சுக் காட்டினார். பளிச். 1/125ல எந்த ஃபிளாஷ்தான் அடிக்காது? கேமராவை நான் கையில வாங்கி 1/4000ல ஒரு தட்டு தட்டியிருந்தா அங்கேயே குட்டு வெளிப்பட்டிருக்கும், பத்து விநாடி வேலை. அதுக்குள்ள டீ வந்துருச்சு. டீயைக் குடிச்சுக்கிட்டே ஜிபேயில 14,500 அனுப்பினேன். பில் கேட்டதுக்கு எஸ்டிமேட்னு ஒரு துண்டுச்சீட்டு. அதையும் மடிச்சுப் பாக்கெட்ல வச்சுக்கிட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை தனுஷ்கோடி. காலையில 11 மணி. சூரியன் ஜோடிக்குப் பின்னால, முகம் ரெண்டும் நிழல்ல. ஷட்டர் 1/4000, எஃப் 2.8. ஃபிளாஷ் அடிக்குது, கண்ணால பாக்குறேன். படத்துல ஒண்ணுமே இல்ல. ரெண்டு பேரும் கரிக்கட்டை. எறக்கி எறக்கி 1/500, எஃப் 8க்கு வந்தேன். கேமராவை செங்குத்தா திருப்பிப் பிடிச்சு எடுத்தா பொண்ணு முகத்துல வெளிச்சம் இருக்கு, பக்கத்துல நிக்கிற மாப்பிள்ளை மேல இல்ல. நடுவுல கோடு போட்ட மாதிரி. பொண்ணோட தாய்மாமா ஸ்கிரீனை எட்டிப் பார்த்துட்டு, "என்ன தம்பி, மாப்பிள்ளை மட்டும் கரண்டு போன வீட்டுல நிக்கிறாரு?"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சு வச்சேன்.

ஏன் அப்படின்னா, ஷட்டர்ல ரெண்டு திரை இருக்கு. 1/250 வரைக்கும் முதல் திரை முழுசா திறந்த பிறகுதான் ரெண்டாவது மூட ஆரம்பிக்கும். நடுவுல சென்சார் முழுசும் திறந்திருக்கிற ஒரு கணத்துல ஃபிளாஷ் அடிச்சுரும். அதுக்கு மேல ஸ்பீடு போனா முதல் திரை முடியுறதுக்குள்ள ரெண்டாவது கிளம்பிரும், ஒரு இடுக்குதான் நகர்ந்துக்கிட்டே போகும். ஃபிளாஷ் அடிக்கிற நேரத்துல இடுக்கு எங்க இருக்கோ அங்க மட்டும் வெளிச்சம். ஹை ஸ்பீடு சிங்க்னா இடுக்கு ஓடி முடியுற வரைக்கும் ஃபிளாஷ் விடாம துடிச்சுக்கிட்டே இருக்கணும். அதுக்குக் கேமராவும் ட்ரிகரும் பேசிக்கணும். எனக்கு வித்த ட்ரிகரைத் திருப்பிப் பார்த்தேன், அடியில நடுவுல ஒரே ஒரு பின். அது "அடி"ன்னு மட்டும்தான் சொல்லும். ஃபிளாஷ் மாட்டியிருக்குன்னே என் கேமராவுக்குத் தெரியாது, அதனாலதான் 1/250ல நிறுத்தாம என் இஷ்டத்துக்கு விட்டுருக்கு.

வேற வழியில்லாம 1/250, எஃப் 11. இப்ப ரெண்டு பேர் மேலயும் ஒரே மாதிரி விழுது, ஆனா எஃப் 11க்கு சாஃப்ட்பாக்ஸ் வழியா வர்ற வெளிச்சம் பத்தல. கழட்டிட்டு மொட்டை ஃபிளாஷா அடிச்சேன், முகத்துல எண்ணெய் வழியுற மாதிரி வந்துச்சு. பேக்ரவுண்ட் எங்க அவுட் ஆகுறது? இடிஞ்ச சர்ச் சுவரு, டூரிஸ்ட் வேன், சிப்பி மாலை விக்கிற கடை எல்லாம் கத்தி மாதிரி தெரியுது.

அங்கிருந்தே கடைக்காரருக்குப் போன் போட்டேன். "ஷட்டரைக் குறைச்சு எடுங்க தம்பி." அண்ணே, குறைக்காம எடுக்கத்தானே 14,500 கொடுத்தேன்? "அப்ப உங்க கேமரா செட்டிங்ல ஏதோ இருக்கு." திங்கக்கிழமை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன், ரெண்டு நீல டிக், பதில் இல்ல. செவ்வாய்க்கிழமை, "ஓனர் வரட்டும்." அன்னைக்கு டீ சொன்னப்ப நீங்கதானே ஓனர்? புதன்கிழமை நேர்ல போனேன். ட்ரிகரை மூக்குக்கிட்ட கொண்டுபோய்ப் பார்த்துட்டு, "கடல் காத்து பட்ட சாமானை எடுக்க மாட்டோம்"ங்கிறார். ஒரு மணி நேரம் பட்ட காத்து! பில் எங்கன்னு வேற கேக்குறார். கடைசியா, "இன்னும் 6,000 போடுங்க, நிஜ ஹை ஸ்பீடு செட்டா மாத்தித் தர்றேன்." நிஜ. அவர் வாயில வந்த வார்த்தை. நேத்து ஒரு மெசேஜ்: விக்கிறதா இருந்தா 4,000க்கு நானே எடுத்துக்கிறேன்.

வாங்கப் போறவங்களுக்கு விரிவா எழுதணும்னுதான் உக்காந்தேன், நேரமில்ல. ட்ரிகரைத் திருப்பிப் பாருங்க, ஒத்தைப் பின்னுன்னா எழுந்து வந்துருங்க. கடையிலேயே 1/4000 வச்சு அடிங்க. உங்க கேமராவுல ஹை ஸ்பீடு சிங்க் வசதி இருக்கான்னும் பாத்துக்கங்க, நிக்கான் டி3500, டி5600ல கிடையாது. கேனான் 1500டியில ஹாட் ஷூ (கேமரா மேல ஃபிளாஷ் மாட்டுற இடம்) நடுவுல மின் தொடர்பே இல்ல, ஒத்தைப் பின் ட்ரிகர் அடிக்கவே அடிக்காது. நிஜமாவே ஹை ஸ்பீடு சிங்க் இருந்தாலும் அதுல ஃபிளாஷ் பவர் பாதிக்கும் கீழ போயிரும், உச்சி வெயில்ல ஃபிளாஷைக் கிட்டக் கொண்டுபோகணும். காசில்லாதவங்க லென்ஸ் முன்னால 4 ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கிற கறுப்புக் கண்ணாடி, ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகும்) போட்டா 1/250லயே எஃப் 11ல இருந்து எஃப் 2.8க்கு வரலாம், ஆனா ஃபில்டர் ஃபிளாஷ் வெளிச்சத்தையும் சேர்த்துத்தான் குறைக்கும். பில் இல்லாம பணம் அனுப்பாதீங்க.

மத்ததை அப்புறம் எழுதுறேன். அதே ஜோடிக்கு நாளைக்கு மறுபடி ஷூட், என் செலவுல. ஃபிளாஷ் வாடகைக்கு எடுத்திருக்கேன், ஒரு நாளைக்கு 1,200. எடுக்கும்போதே அந்த வாடகைக் கடையில நின்னு 1/4000ல அடிச்சுப் பார்த்துட்டேன்.