நான்கு பெயர், ஒரு பேப்பர்: யாருக்கு எவ்வளவு?

ஆத்தூர்ப் பக்கத்து சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளின் கழிவுநீரைப் பற்றிச் சேலத்தில் ஒரு ஆய்வுப் பேப்பர் தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு பெயர். முதலில் ஸ்காலர், அதாவது ஆய்வு மாணவர். இரண்டாவது, புள்ளியியல் பார்த்துக் கொடுத்த வேறு துறைப் பேராசிரியர். மூன்றாவது, ஆய்வகத்தில் பிஓடி சோதனை (கழிவுநீர் எவ்வளவு ஆக்சிஜனை இழுக்கிறது என்று அளப்பது) செய்தவர். கடைசியில் கைடு, அவர்தான் கரஸ்பாண்டிங் ஆதர், அதாவது இதழோடு தொடர்பு வைத்துக்கொள்பவர்.

இந்தக் கைடுக்கு இந்தப் பேப்பரில் எவ்வளவு பங்கு? முழு எண்ணிக்கை முறையில் 1. சமப் பங்கு முறையில் 0.25. ஹார்மோனிக் முறையில் 0.12. யுஜிசி கணக்கில் 70 சதவீதம். ஆள் ஒருவர், வேலை ஒன்று, விடை நான்கு. பதவி உயர்வு விண்ணப்பத்திலும் துறைகளை ஒப்பிடும் கூட்டத்திலும் இந்த நான்கில் எது பேசப்படுகிறது என்று சொல்லாமலே பேசுவதால்தான் பாதி மனக்கசப்பு வருகிறது.

அதற்கும் முன்னால் ஒரு குழப்பம் இருக்கிறது. யார் ஆதர் என்பது ஒரு கேள்வி. ஆதருக்கு எவ்வளவு என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குத் தப்பான விடை எழுதிவிட்டு இரண்டாவதில் எவ்வளவு நுணுக்கமான சூத்திரம் போட்டாலும் கணக்கு சரியாகாது. ஆனாலும் சூத்திரத்திலிருந்தே ஆரம்பிப்போம், ஏனென்றால் பெயர்ப் பட்டியல் எதனால் நீள்கிறது என்பது அங்கேதான் தெரியும்.

முழு எண்ணிக்கையில் பெயர் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு முழுப் பேப்பர். கூகுள் ஸ்காலர் பக்கத்தில் தெரிவது இதுதான். 2005-ல் இயற்பியலாளர் ஹிர்ஷ் முன்வைத்த எச்-இண்டெக்ஸும் (அது 4 என்றால், தலா 4 மேற்கோளாவது பெற்ற பேப்பர் 4 இருக்கிறது என்று பொருள்) இந்த எண்ணிக்கையின்மேல்தான் நிற்கிறது. தனியாக எழுதினாலும் பத்துப் பேரோடு எழுதினாலும் அதற்கு வித்தியாசமே தெரியாது. இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2015-ல் செர்ன் ஆய்வகத்தின் ஏட்லஸ், சிஎம்எஸ் குழுக்கள் சேர்ந்து ஹிக்ஸ் போசானின் நிறையைப் பற்றி வெளியிட்ட கட்டுரையைப் பார்க்கலாம். 5,154 ஆதர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும். அத்தனை பேரின் கணக்கையும் கூட்டினால் ஒரு கட்டுரை 5,154 கட்டுரையாகிவிடும்.

சமப் பங்கு முறை அந்த வீக்கத்தை நிறுத்துகிறது. ஒரு பேப்பர், நான்கு பேர், ஆளுக்குக் கால். எத்தனை பேர் இருந்தாலும் கூட்டுத்தொகை 1-ஐத் தாண்டாது. பல்கலைக்கழகங்களை ஒப்பிடும் லைடன் தரவரிசை இதைத்தான் முதன்மையாக எடுத்துக்கொள்கிறது. நிறுவனங்களின் கட்டுரைகளை எண்ணும் நேச்சர் இண்டெக்ஸ் முழு எண்ணிக்கையைக் ‘கவுண்ட்’ என்றும் பங்கை ‘ஷேர்’ என்றும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுகிறது. கல்லூரியோடு கல்லூரியை, துறையோடு துறையை ஒப்பிட இதைவிட நல்ல முறை இல்லை என்றே சொல்வோம். மூன்று பேர் ஒரு கல்லூரி, ஒருவர் வேறு கல்லூரி என்றால் 0.75, 0.25 என்று பிரித்துவிடலாம், தகராறே இல்லை. தனி ஆளை அளக்கும்போதுதான் இது சறுக்குகிறது. வருடக்கணக்காக வாய்க்கால் வாய்க்காலாக மாதிரி எடுத்த ஸ்காலருக்கும், ஒரே ஒரு அட்டவணையைச் சரிபார்த்தவருக்கும் ஒரே கால்.

அந்தக் குறைக்கு மருந்தாக வந்தது ஹார்மோனிக் முறை. பெயர் வரும் வரிசைப்படி 1, 1/2, 1/3, 1/4 என்று எடை கொடுத்து, மொத்தம் 1 ஆகும்படி வகுக்கிறார்கள். நான்கு பேருக்கு 0.48, 0.24, 0.16, 0.12. கடைசியில் இன்னொரு பெயர் சேர்ந்தால் முதல் ஆதரின் பங்கு 0.44-க்கு இறங்கும். சும்மா ஒரு பெயரைச் சேர்க்க முதல் ஆதர் யோசிப்பார், அது நல்லது. ஆனால் நம் ஊரில் கைடு பெயர் பெரும்பாலும் கடைசியில் வரும், அவருக்கு 0.12 என்பது அநியாயம். அதற்குத் திருத்தம் உண்டு: கடைசியில் நிற்பவர் கரஸ்பாண்டிங் ஆதராக இருந்தால் முதல் ஆதரையும் அவரையும் சமமாக வைத்து, முதல் இரண்டு பங்கையும் கூட்டிப் பாதியாக்குவது. 0.48-உம் 0.24-உம் சேர்ந்து 0.72, ஆளுக்கு 0.36. மற்ற இருவருக்கும் 0.16, 0.12. சேகோ பேப்பருக்கு இதுதான் உண்மைக்குக் கிட்டத்தில் வருகிறது.

கணிதத் துறைக்கு மட்டும் இந்த முறையை எடுத்துக்கொண்டு போகக் கூடாது. அங்கேயும் பொருளாதாரத்திலும் பெயர்களை அகரவரிசையில் போடுவது வழக்கம். வரிசைக்கு எடை கொடுத்தால் பெயரின் முதல் எழுத்துக்கு மார்க் போட்டதாகிவிடும்.

யுஜிசியின் 2018 ஒழுங்குமுறையில் இருக்கும் கணக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் கல்லூரி ஆசிரியர்கள் தினமும் புழங்குவது அதில்தான். இரண்டு பேர் எழுதினால் ஒவ்வொருவருக்கும் மொத்த மதிப்பெண்ணில் 70 சதவீதம். இரண்டுக்கு மேல் போனால் முதல் அல்லது முதன்மை அல்லது கரஸ்பாண்டிங் ஆதருக்கு 70 சதவீதம், மற்ற ஒவ்வொருவருக்கும் 30 சதவீதம். அறிவியல் பேப்பருக்கு அடிப்படை 8 மதிப்பெண் என்று எடுத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள். தனியாக எழுதினால் 8. இருவர் என்றால் ஆளுக்கு 5.6, மொத்தம் 11.2. நால்வர் என்றால் முதல் ஆதருக்கு 5.6, மற்ற மூவருக்கும் 2.4 வீதம், மொத்தம் 12.8. பத்துப் பேர் என்றால் மொத்தம் 27.2.

முதல் ஆதரின் கணக்கை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். ஒருவர் இருவராகும்போது 8-லிருந்து 5.6-க்கு இறங்குகிறார். அதன்பிறகு இறக்கமே கிடையாது. மூன்றாவது பெயரோ பத்தாவது பெயரோ, அவருக்கு 5.6 அப்படியே நிற்கிறது. சேர்பவருக்கோ ஒவ்வொரு தடவையும் 2.4 கிடைக்கிறது. கொடுப்பவருக்கு ஒரு பைசா நஷ்டமில்லை, வாங்குபவருக்கு லாபம். பெயர்கள் ஏன் பெருகுகின்றன என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. நஷ்டப்படுபவர் ஒரே ஒருவர்தான். இருவர் எழுதிய பேப்பரில் மூன்றாவது பெயர் ஏறியதும், இரண்டாவதாக இருந்தவர் 5.6-லிருந்து 2.4-க்கு விழுகிறார். அநேகமாக அவர்தான் ஸ்காலர் அல்லது இளம் ஆசிரியர், வாய் திறக்க முடியாத இடத்தில் இருப்பவர்.

இன்னொரு சிக்கல், முதல் ஆதரும் கரஸ்பாண்டிங் ஆதரும் வேறு வேறு ஆளாக இருக்கும்போது. இருவருக்கும் 70 போடுவதா, ஒருவருக்கு மட்டுமா? விதியின் வாசகத்தில் சாய்கோடு போட்டு ‘முதல்/முதன்மை/கரஸ்பாண்டிங்’ என்று இருப்பதால் இரண்டு விதமாகவும் படிக்கலாம். உங்கள் கல்லூரியின் உள்தர உறுதிப் பிரிவான ஐக்யூஏசி எப்படிப் படிக்கிறது என்பதை விண்ணப்பம் போடும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. விதி விதிதான், படிவத்தை அதன்படி நிரப்பியே ஆக வேண்டும். ஆனால் துறைக்குள் யார் எவ்வளவு உழைத்தார் என்று பேச இந்த எண்ணை எடுக்காதீர்கள், அதற்கு இது செய்யப்படவில்லை.

மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்கு 2020 திருத்தம் வேறு வழியில் போனது. முதல் மூன்று பெயருக்குள் இருக்க வேண்டும் அல்லது கரஸ்பாண்டிங் ஆதராக இருக்க வேண்டும் என்றது. அந்த விதியில் சண்டை மூன்றாவது இடத்துக்குத்தான், கரஸ்பாண்டிங் ஆதராக இல்லாமல் நான்காவதாக நின்றவருக்குப் பதவி உயர்வுக் கணக்கில் ஒன்றுமில்லை.

சரி, யார் ஆதர்? இங்கே எதிரெதிரே நிற்பவை இரண்டு: ஐசிஎம்ஜேஇ நிபந்தனைகளும், கிரெடிட் என்ற பங்களிப்புப் பட்டியலும்.

மருத்துவ இதழாசிரியர்களின் ஐசிஎம்ஜேஇ நான்கு நிபந்தனை வைக்கிறது. திட்டமிடல், தரவு திரட்டல், பகுப்பாய்வு, விளக்கம் இவற்றில் ஒன்றிலாவது கணிசமான பங்கு. வரைவை எழுதியிருக்க வேண்டும், அல்லது உள்ளடக்கத்தைத் தொட்டுத் திருத்தியிருக்க வேண்டும். வெளியாகும் வடிவத்துக்கு இறுதி ஒப்புதல். எந்தப் பகுதியில் கேள்வி எழுந்தாலும் பொறுப்பேற்கச் சம்மதம். இந்த நான்காவது 2013-ல் சேர்ந்தது. நான்கும் சேர்ந்து இருந்தால்தான் ஆதர், மற்றவர்களுக்கு நன்றியுரை. பணம் வாங்கிக் கொடுத்தது மட்டும், பொதுவாக மேற்பார்வை பார்த்தது மட்டும், நிர்வாக உதவி மட்டும் போதாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

கிரெடிட் பட்டியலில் 14 பங்குகள். கருத்துருவாக்கம், முறையியல், மென்பொருள், சரிபார்ப்பு, முறைப்படியான பகுப்பாய்வு, நேரடி ஆய்வு, வளங்கள், தரவுப் பராமரிப்பு, முதல் வரைவு, திருத்தம், காட்சிப்படுத்தல், மேற்பார்வை, திட்ட நிர்வாகம், நிதி திரட்டல். ஒவ்வொன்றிலும் முதன்மை, சமம், துணை என்று அளவும் குறிக்கலாம். 2022-ல் அமெரிக்காவில் அன்சி/நைசோ என்ற தரநிலை அமைப்புகளின் தரநிலையாகவும் ஆகிவிட்டது.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். ஐசிஎம்ஜேஇ வெளியே நிறுத்தும் மேற்பார்வையும் நிதியும் கிரெடிட்டில் தனித்தனிப் பெட்டியாக இருக்கின்றன. இந்த இடைவெளியில்தான் பெயர் நுழைகிறது. கருவி இருக்கும் அறையின் சாவியைக் கொடுத்தவருக்கு ‘வளங்கள்’, துறைத்தலைவருக்கு ‘மேற்பார்வை’ என்று டிக் போட்டு, பெட்டியில் பெயர் வந்துவிட்டது, அதனால் ஆதர்தான் என்று முடித்துவிடுகிறார்கள். கிரெடிட் அதற்காக வந்ததே இல்லை. யார் ஆதர் என்று அது தீர்ப்புச் சொல்லாது. முடிவான பட்டியலில் யார் எதைச் செய்தார் என்று பதிவு செய்வது மட்டும்தான் அதன் வேலை. எனவே முதலில் ஐசிஎம்ஜேஇ, பிறகு கிரெடிட். வரிசை மாறக் கூடாது.

ஐசிஎம்ஜேஇயையும் ஆளைக் கழிக்கும் கத்தியாகப் பிடிக்கிறார்கள், அது அதைவிட மோசம். சேகோ பேப்பரில் 27 டிகிரியில் 3 நாள் பிஓடி வைத்து, டைட்ரேஷன் முடித்து, சந்தேகப்பட்ட மாதிரியைத் திரும்பச் செய்யச் சொன்ன டெக்னீஷியனை எடுத்துக்கொள்ளுங்கள். தரவு திரட்டியதில் அவருக்குக் கணிசமான பங்கு உண்டு. ‘அவர் எழுதவில்லையே’ என்று நன்றியுரைக்குத் தள்ளுவது சுலபம். ஆனால் முதல் நிபந்தனையை நிறைவு செய்தவருக்கு வரைவு எழுதுவதிலும் திருத்துவதிலும் இறுதி ஒப்புதலிலும் பங்கேற்க வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று அதே வழிகாட்டி சொல்கிறது. வரைவை அவருக்கே அனுப்பாமல் இருந்துவிட்டு அவர் திருத்தவில்லை என்று சொல்ல முடியாது.

சேர்வராயன் மலையில் இது இன்னும் கனமாகிறது. ஏற்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் மலையாளி பழங்குடி மக்களிடம் மூலிகை கேட்டு எழுதும் பேப்பர்களில், தரவு முழுவதும் ஒரு சில வைத்தியர்களின் அறிவு. செடியைக் காட்டுவது, எந்தப் பருவத்தில் பறிப்பது, எந்தப் பாகம், எதோடு சேர்ப்பது, எல்லாம் அவர்கள் சொன்னது. கிரெடிட்டின் 14-ல் ‘அறிவு தந்தவர்’ என்று ஒரு பெட்டி கிடையாது. ஐசிஎம்ஜேஇயில் இரண்டாவது நிபந்தனை ஆங்கில வரைவில் வந்து முட்டுகிறது. அட்டவணையைத் தமிழில் படித்துக் காட்டி, ‘இந்தச் செடிக்கு வேர் என்று போட்டிருக்கிறீர்கள், நான் சொன்னது பட்டை’ என்று அவர் திருத்தினால் அது உள்ளடக்கத்தைத் தொட்ட திருத்தம்தான். அவருக்குச் சம்மதமானால் பெயரை ஆதராகப் போடத் தடையில்லை. பெயர் வெளியே தெரிவதை அவர் விரும்பாமலும் இருக்கலாம், அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எண்ணும் முறையும் நுழையும் விதியும் சரியாக இருந்தும், பெயர் சிதறிப்போனால் எல்லாம் வீண். தமிழ்ப் பெயருக்கு இந்த ஆபத்து அதிகம். தன் பெயர் செல்வி, அப்பா பெயர் ராமசாமி என்று வைத்துக்கொள்வோம். இதழின் இணையப் படிவம் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு பெட்டி காட்டும். கடைசிப்பெயர்ப் பெட்டியில் இனிஷியலைப் போட்டால் மேற்கோளில் ‘ஆர் எஸ்’ என்று வெறும் எழுத்தாக வரும். அப்பா பெயரை விரித்துப் போட்டால் ‘ராமசாமி எஸ்’ என்று அப்பாவே எழுதியதுபோல ஆகும். கடைசிப்பெயர்ப் பெட்டியில் தன் பெயரையும் முதற்பெயர்ப் பெட்டியில் இனிஷியலையும் போட்டால் ‘செல்வி ஆர்’. இதுதான் நம் பரிந்துரை. கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறினாலும் பேப்பரில் மாற்ற வேண்டாம்.

சிதறினால் என்ன ஆகும்? ஆறு பேப்பருக்கு 9, 7, 6, 5, 4, 2 மேற்கோள் என்றால் எச்-இண்டெக்ஸ் 4. அதே ஆறும் 9, 6, 4 என்று ஒரு பக்கத்திலும் 7, 5, 2 என்று மறு பக்கத்திலும் பிரிந்தால் 3, 2.

இதைக் காக்க இருக்கும் வழிகளில் ஆய்வாளருக்கான அடையாள எண்ணான ஆர்கிட் எண்தான் முதலிடம். 2012 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், 16 இலக்கம். ஆதரே தன் கையில் வைத்திருப்பது. வேறு பெயர் வடிவங்களையும் அதிலேயே சேர்க்கலாம். ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தின் ஆதர் எண்ணைக் கணினி தானாக உருவாக்கும். நாம் கேட்காமலே ஒருவருக்கு இரண்டு மூன்று விழும். வருடத்துக்கு ஒருமுறை தேடிப் பார்த்து, ஒன்றாக்கச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். கூகுள் ஸ்காலரில் தானாகக் கட்டுரை சேர்க்கும் அமைப்பை நிறுத்தி, ஒப்புதல் கேட்கும்படி மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அதே பெயருள்ள வேறொருவரின் பேப்பர் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆய்வாளர் விவரங்களைத் திரட்டும் இன்ஃப்ளிப்நெட்டின் வித்வான் தளம் இந்திய நிறுவனக் கணக்குகளுக்கு உதவும், அதில் ஆர்கிட் எண்ணை இணைத்துவிட்டால் போதும்.

இவ்வளவையும் முதல் மாதிரி எடுக்கும் முன்பே ஒரு பக்கத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடலாம். யார் யார், என்ன வரிசை, யார் கரஸ்பாண்டிங், ஒவ்வொருவரின் பெயர் வடிவமும் ஆர்கிட் எண்ணும், நடுவில் ஒருவர் விலகினால் வரிசை எப்படி மாறும். இதழுக்கு அனுப்புவதற்கு முந்தைய வாரம் அதே தாளை எடுத்து, நடந்த வேலையோடு ஒப்பிட்டுத் திருத்தி, கிரெடிட் பட்டியலை எல்லோருமாக உட்கார்ந்து நிரப்ப வேண்டும், கரஸ்பாண்டிங் ஆதர் மட்டும் இரவில் டிக் போடக் கூடாது. அனுப்பிய பிறகு பெயர் சேர்க்கவோ நீக்கவோ வேண்டுமென்றால் பெரும்பாலான இதழ்கள் காரணத்தோடு, நீக்கப்படுபவர் உட்பட அத்தனை பேரின் எழுத்துச் சம்மதத்தையும் கேட்கும்.