கடலோர போர்வெல்லில் எதைத் தொங்கவிடுவது: டேப்பா, வென்ட் கேபிளா, தனி லாகரா?

திருவான்மியூரிலிருந்து நீலாங்கரை வரை கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், நடுவில் மணல். அந்த மணலில் இரண்டு அடுக்கு பேஸ்மென்ட்டுக்குக் குழி தோண்டினால் ஊறும் நீரை இறைக்க இரவு பகலாக டிவாட்டரிங் மோட்டார் ஓடும். பக்கத்து வீட்டுக் கிணறு எவ்வளவு இறங்குகிறது, உப்பு எப்போது உள்ளே வருகிறது என்று பார்க்க அளவீட்டுக் கிணறு (பைசோமீட்டர்) போட்டே ஆகவேண்டும். கிணற்றுக்குள் எதை வைப்பது என்பதில்தான் சண்டை. எங்கள் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: காற்றுக்குழாய் இல்லாத தனி லாகர் (நீரழுத்தத்தைத் தானே பதிந்துவைக்கும் கருவி), கூடவே காற்றழுத்தத்தைப் பதியும் ஒரு பாரோ லாகர், மாதம் ஒருமுறை கையால் இறக்கி அளக்கும் டேப்.

டேப்பைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. நுனி தண்ணீரைத் தொட்டதும் பீப் அடிக்கும், கிணற்றின் மேல்குழாய் (கேசிங்) விளிம்பில் குறித்த கோட்டில் அளவைப் படிக்கலாம். பேட்டரி மாற்றுவதும் நுனியைத் துடைப்பதும் தவிர வேறு பராமரிப்பு கிடையாது. மற்ற கருவிகள் பொய் சொல்கின்றனவா என்று சோதிக்கவும் இதுதான் வேண்டும். ஆனால் கடற்கரையில் டேப்பை மட்டும் நம்புவதில் ஒரு பொறி இருக்கிறது. கடலின் அலையேற்றம் கரையோரக் கிணற்று நீரையும் ஏற்றி இறக்கும், அது நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே காலை பத்து மணிக்குப் போய் அளந்தால் 14 நாளில் அது ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று நகர்ந்து, கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்திருக்கும். மீதமிருக்கும் சிறு வித்தியாசம் மெல்ல மெல்லச் சேர்ந்து, வரைபடத்தில் ஒன்பது மாத நீளத்தில் ஒரு போலி ஏற்ற இறக்கமாகத் தெரியும். பார்ப்பவர் அதை வடகிழக்குப் பருவமழையின் விளைவு என்று எழுதிவிடுவார். மத்திய நிலத்தடி நீர் வாரியம் வருடத்துக்கு நான்கு முறை எடுக்கும் அளவு மாவட்ட அளவில் பேச உதவும். ஒரு குழியின் ஓரத்தில் மோட்டார் நின்று ஓடுவதைப் பிடிக்க 15 நிமிடத்துக்கு ஒரு பதிவாவது வேண்டும்.

ஆக, போட்டி வென்ட் கேபிள், தனி லாகர் என்ற இரண்டு அழுத்தமானிகளுக்கு இடையில்தான். இரண்டும் தண்ணீரின் எடையை அளக்கின்றன. வித்தியாசம், மேலே இருக்கும் காற்றின் எடையை எப்படிக் கழிக்கின்றன என்பதில்.

வென்ட் கேபிள் வகையில் கேபிளுக்குள்ளேயே நூல் போன்ற மெல்லிய குழாய் மேலே வரை ஓடும். வெளிக்காற்று அதன் வழியே சென்சாரின் முதுகைத் தொடும், கழித்தல் தானாக நடந்துவிடும். மொபைலில் பார்த்தால் நேரடியாகத் தண்ணீர் உயரமே வரும். காகிதத்தில் இதுதான் சிறந்தது. மதுரையிலோ சேலத்திலோ கேட்டால் தயங்காமல் இதையே சொல்வோம்.

கடலோரத்தில் அந்தக் குழாயின் வாயில்தான் சங்கடம். ஈரக்காற்று உள்ளே போகாமலிருக்க அங்கே சிலிகா ஜெல் அடைத்த சிறு குப்பி இருக்கும். நிறம் மாறினால் ஈரம் நிறைந்துவிட்டது, மாற்றவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மாதம் ஒருமுறை திறந்து பார்க்காவிட்டால் குப்பி செத்துப்போகும். பிறகு குழாய்க்குள் ஒரு துளி நீர் கோத்துக்கொள்ளும். அந்தத் துளி குழாயை அடைத்ததும் சென்சாரின் முதுகுப் பக்கம் பழைய காற்றழுத்தத்திலேயே சிறைப்பட்டுவிடும். கருவி நிற்காது, எச்சரிக்கை தராது, எண்களைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆனால் அதில் காற்றழுத்த மாற்றமும் கலந்திருக்கும். காற்றழுத்த அலகான ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தண்ணீர். புயல் நெருங்கும்போது 20 ஹெக்டோபாஸ்கல் சரிந்தால் கிணற்றில் 20 சென்டிமீட்டர் காணாமல் போனதுபோல் காட்டும். கேபிளை நறுக்கென்று மடித்தாலும், எலி கடித்தாலும், வெள்ளத்தில் குப்பி மூழ்கினாலும் இதே கதை. உள்ளே போன நீரைத் தளத்தில் வைத்து வெளியேற்ற முடியாது, கருவியைத் தயாரிப்பாளருக்குத்தான் திருப்பி அனுப்பவேண்டும். பத்துக் கிணறு என்றால் பத்துக் குப்பி, பத்து வாய். மழைக்காலத்தில் சகதிக்குள் பத்து மூடியையும் திறக்க ஆள் தவறாமல் போவாரா என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கும் கேள்வி.

தனி லாகரில் ஓட்டையே இல்லை. முழுதும் மூடிய குழல், மெல்லிய கம்பியில் தொங்கும், மொத்த அழுத்தத்தையும் பதியும். காற்றழுத்தத்தைத் தனியாக ஒரு பாரோ லாகர் பதியும், பிறகு நாம் கழித்துக்கொள்ளலாம். ஓர் உதாரணம்: லாகர் விளிம்பிலிருந்து 9.00 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. மொத்தம் 14.90 மீட்டர் நீரழுத்தம், காற்று 1007 ஹெக்டோபாஸ்கல், அதாவது 10.27 மீட்டர். மிச்சம் 4.63. எனவே விளிம்பிலிருந்து தண்ணீர் 4.37 மீட்டரில். விளிம்பு கடல்மட்டத்துக்கு மேலே 5.12 மீட்டர் என்றால் நீர்மட்டம் +0.75.

இதிலும் கோளாறு உண்டு. பாரோ ஒன்றுதான் என்றால் அது செத்த நாளில் எல்லாக் கிணறுகளும் குருடு. அதனால் இரண்டு வையுங்கள், தகரக் கொட்டகையில் வேண்டாம், கிணற்று மூடிக்குக் கீழே நிழலில், வெள்ளம் தொடாத உயரத்தில். அடுத்தது கடிகாரம். ஒரு லாகர் இந்திய நேரத்திலும் மற்றொன்று உலகப் பொது நேரத்திலும் ஓடினால் ஐந்தரை மணி நேரம் தள்ளிக் கழிப்போம். நம் பக்கத்தில் காற்றழுத்தம் காலை பத்து, இரவு பத்து மணியையொட்டி உச்சம் தொட்டு இறங்கும், வீச்சு மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல். தவறாகக் கழித்தால் பன்னிரண்டு மணி நேர அலை ஒன்று உருவாகி, கடல் ஏற்ற இறக்கம் போலவே மயக்கும். கண்டுபிடிப்பது எளிது: உண்மையான அலையேற்றம் தினமும் 50 நிமிடம் நகரும், போலி அதே மணியில் நிற்கும்.

எந்த வகையானாலும் உப்பை மறக்கக்கூடாது. கடல்நீரின் அடர்த்தி நன்னீரைப்போல் 1.025 மடங்கு. மேலே சொன்ன 4.63 மீட்டர் நன்னீர் என்று கணக்கிட்டது. கிணறு முழுக்க உவர்ந்திருந்தால் உண்மையில் 4.52தான், 11 சென்டிமீட்டர் கூடுதலாகக் காட்டுகிறது. அதாவது உப்பு ஏற ஏற, நீர்மட்டம் உயர்வதுபோல் தெரியும்! உவர்நீரின் மேல் நன்னீர் மிதப்பதைக் கணிக்கும் கைபென்-ஹெர்ஸ்பெர்க் கணக்குப்படி கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் நன்னீர் இருக்கும். 11 சென்டிமீட்டர் பிழை என்றால் உவர்நீர் எல்லையை நாலு மீட்டருக்கு மேல் தப்பாகச் சொல்வோம். ஆகவே லாகரை அடிவரை இறக்காதீர்கள். எதிர்பார்க்கும் மிகக்குறைந்த மட்டத்துக்கு ஒன்றிரண்டு மீட்டர் கீழே போதும். டேப் எடுக்கும்போதே, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனையும் அளந்துவிடுங்கள்.

லாகரின் உடலுக்கு டைட்டானியம் கேளுங்கள். 316 ஸ்டீல் உவர்நீரில் புள்ளிபுள்ளியாக அரிக்கும், முதலில் விடுவது கம்பி முடிச்சைப் பிடிக்கும் உலோகக் கவ்வியான கிரிம்ப்தான். கம்பிக்குப் பதில் நைலான் கயிறு வேண்டாம், அது நீளும்.

அளவுகளைத் தொலைவிலிருந்தே அனுப்பும் டெலிமெட்ரி வசதிதான், மோட்டார் நிறுத்தும் முடிவை அதே நாளில் எடுக்கலாம். அதில் எங்கள் பழக்கம் குறைவு என்பதால் அழுத்திச் சொல்லவில்லை. குழி திறந்திருக்கும் மாதங்களில் ஓரிரு கிணற்றில் மட்டும் வைத்தால் போதும் என்பதே இப்போதைய கணிப்பு. மூடியில் ஒரு சின்னத் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். காற்றுப் புகாமல் இறுகிய மூடி இருந்தால் கிணற்றுக்குள் இருக்கும் காற்று வெளிக்காற்றோடு சேராது, எந்தக் கருவியின் கணக்கும் தப்பும்.