செகண்ட் ஹேண்டில் ஆட்டோமேட்டிக்: எந்தக் கியர்பாக்ஸ் கையைக் கடிக்கும்?

செகண்ட் ஹேண்டில் ஆட்டோமேட்டிக் கார் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது மைலேஜ். அடுத்தது எத்தனையாவது ஓனர், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. உள்ளே இருப்பது எந்த வகைக் கியர்பாக்ஸ் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கிளட்ச் மிதிக்க வேண்டாம், அவ்வளவு போதும் என்று விட்டுவிடுகிறார்கள். ஆறேழு வருடம் ஓடிய காரில் உங்கள் சேமிப்பை ஒரே பில்லில் கரைக்கக்கூடிய பாகம் அதுதான். எஞ்சின்கூட அவ்வளவு சீக்கிரம் அந்த வேலையைச் செய்யாது.

நம் ஊர்ச் சந்தையில் கிடைப்பவை நான்கு: டார்க் கன்வெர்ட்டர், ஏஎம்டி, சிவிடி, டிசிடி எனப்படும் இரட்டை கிளட்ச். இவற்றில் எதுவுமே கெடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான்கையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன். கெட்டுப்போனால் ஒரு சின்னப் பாகத்தை மாற்றிவிட்டு ஓட்டிப் போக முடியுமா, அதைச் செய்யத் தெரிந்த ஆள் என் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறாரா?

இந்தக் கேள்வியில் அதிகம் அடிவாங்குவது டிசிடி, அதிலும் ட்ரை கிளட்ச் வகை. ஓட்டிப் பார்த்தால் மனசு அதிலேயே போய் நிற்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2013-ல் இந்த வகைக் கியர்பாக்ஸோடு வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ-யை ஒருமுறை நெடுஞ்சாலையில் மிதித்தவருக்கு வேறு ஆட்டோமேட்டிக் பிடிப்பது கஷ்டம். கியர் மாறுவதே தெரியாது. ஒரு கிளட்ச் 1, 3, 5, 7 கியர்களைப் பார்த்துக்கொள்ளும். இன்னொன்று 2, 4, 6-ஐயும் ரிவர்ஸையும். ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது தயாராக நிற்கும். வேகத்தின் ரகசியம் அதுதான்.

தொல்லையும் அங்கேயேதான். இந்தக் கிளட்ச்சுகள் எண்ணெயில் நனைவதில்லை, காற்றில்தான் ஆற வேண்டும். பழைய மகாபலிபுரம் சாலையில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஊர்ந்து போகும்போது, கிளட்ச் பாதி பிடித்தும் பாதி விட்டும் தேய்ந்துகொண்டே இருக்கும். காற்றோட்டம் கிடையாது, வெளியே வெயில் வேறு. சூடு ஏறினால் தேய்மானம், தேய்மானத்தோடு உதறல். இதுகூடப் பரவாயில்லை. கிளட்ச்சையும் கியரையும் இயக்குகிற மெக்கட்ரானிக்ஸ் யூனிட்டில்தான் பெரிய செலவு காத்திருக்கிறது. பம்ப், பிரஷர் சேமிக்கும் அக்குமுலேட்டர், வால்வுகள், கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே பெட்டியில். அதில் எங்காவது ஒரு இடத்தில் விரிசல் விட்டு பிரஷர் இறங்கினாலும் முழுப் பெட்டியையும் மாற்றச் சொல்வதே கம்பெனி சர்வீஸ் சென்டர்களின் வழக்கம். பில் லட்சத்தைத் தாண்டிவிடும்.

என் மச்சானின் காருக்கு இது நடந்தது விக்கிரவாண்டி டோலில், மே மாத மத்தியானம். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது டாஷ்போர்டில் கியர் எழுத்து விட்டுவிட்டு மின்னியது. முன்னால் நகர்ந்தது. பக்கத்து லேனுக்கு மாற ரிவர்ஸ் போட்டார், வண்டி அசையவில்லை. இரட்டைப்படைக் கியர்கள் போனால் ரிவர்ஸும் சேர்ந்தே போகும் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. முதல் கியரில் எப்படியோ டோலைத் தாண்டி ஓரம் கட்டினார். குழந்தைகளோடு வெயிலில் காத்திருந்து, தட்டை மேடை வைத்த ரெக்கவரி வண்டியைச் சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டியதாயிற்று. முதல் நாள்வரை வண்டி ஒரு சின்ன அறிகுறிகூடக் காட்டவில்லை என்றார். வாரண்டி சில மாதம் முன்புதான் முடிந்திருந்தது.

இது ஏதோ ஒரு காரின் தலையெழுத்து என்று ஒதுக்க முடியாது. சீனாவில் ஃபோக்ஸ்வாகன் தன் டிஎஸ்ஜி (டிசிடிக்கு அவர்கள் வைத்த பெயர்) கியர்பாக்ஸுக்கான வாரண்டியை 10 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று நீட்டிக்க வேண்டி வந்தது. 2013 மார்ச்சில் அங்கே 3,84,181 கார்களைத் திரும்ப அழைத்தது. அதே வருடம் நவம்பரில் உலகம் முழுக்க சுமார் 16 லட்சம் கார்களில் கியர்பாக்ஸின் சிந்தெடிக் ஆயிலை மினரல் ஆயிலாக மாற்றச் சொன்னது. வெப்பமும் ஈரப்பதமும் கூடிய இடங்களில் அந்தப் பழைய ஆயிலால் மின்கோளாறு வரலாம் என்பது காரணம். வெப்பமும் ஈரப்பதமும் என்றதும் எனக்குச் சென்னைதான் கண்முன் வருகிறது.

ஃபோர்டின் பவர்ஷிஃப்ட் கதை இன்னும் வேதனையானது. அதுவும் ட்ரை கிளட்ச்தான், ஆறு கியர். ஆஸ்திரேலியாவில் ஃபியஸ்டா, ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் வாங்கியவர்கள் வண்டி உதறுகிறது என்று போய் நின்றபோது, நீங்கள் ஓட்டும் விதத்தால்தான் என்று பலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கோளாறு வண்டியில் என்று தெரிந்திருந்தும் அப்படிச் சொன்னதற்காக 2018-ல் அந்நாட்டு நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. காசு போவதைவிட, தப்பு உன்மேல்தான் என்று கேட்டுவிட்டு வீடு திரும்புவது கொடுமை. நம் ஊரிலும் சர்வீஸ் கவுண்டரில் "டிரைவிங் ஸ்டைல் சார்" என்ற பதிலைக் கேட்டவர்கள் இருப்பார்கள். அடுத்த முறை அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் ஜாப் கார்டில் எழுத்தில் வாங்குங்கள்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. மறைமலை நகரில் தயாரான ஈகோஸ்போர்ட் பெட்ரோலில் முதலில் இருந்தது இந்த இரட்டை கிளட்ச். 2017 கடைசியில் வந்த மாற்றத்தில் ஃபோர்டு அதை எடுத்துவிட்டு டார்க் கன்வெர்ட்டர் வைத்தது. 2020-ல் போலோவும் வென்டோவும் 1.0 டிஎஸ்ஐ எஞ்சினுக்கு மாறியபோது அவற்றின் ஆட்டோமேட்டிக்கும் டார்க் கன்வெர்ட்டர் ஆனது. ஆகவே ஈகோஸ்போர்ட் ஆட்டோமேட்டிக் என்று விளம்பரம் பார்த்தால் வருடத்தைக் கேளுங்கள். ஒரே பெயரில் இரண்டு வேறு வண்டிகள் அவை.

டிசிடி எல்லாமே ஒன்றல்ல என்பதும் நியாயமாகச் சொல்ல வேண்டியது. டாடா 2022-ல் ஆல்ட்ரோஸில் கொண்டுவந்தது வெட் கிளட்ச். எண்ணெயில் நனைவதால் டிராஃபிக் சூட்டைத் தாங்குவது சுலபம். ஹூண்டாய், கியாவின் டர்போ பெட்ரோல் கார்களில் வந்த ஏழு கியர் டிசிடி, ட்ரை வகைதான். அளவுக்கு மீறிச் சூடானால் திரையில் எச்சரிக்கும். அப்படி எச்சரிக்கை வந்தால் ஓரம் கட்டி ஆறவிட்ட பிறகே நகர்த்துங்கள்.

சரி, சிவிடிக்கு வருவோம். சிட்டி டிராஃபிக்கில் இதைவிடச் சொகுசு வேறில்லை. கியர் என்று தனித்தனியாக எதுவும் கிடையாது. விரிந்து சுருங்கும் இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஒரு ஸ்டீல் பெல்ட். 2014 முதல் ஹோண்டா சிட்டி பெட்ரோல், 2022 வரை பலேனோ, நிசானின் மைக்ரா, சன்னி என்று செகண்ட் ஹேண்டில் நிறையவே கிடைக்கிறது. ஒழுங்காகப் பராமரித்த சிவிடி லட்சம் கிலோமீட்டரைச் சத்தமில்லாமல் தாண்டும். பராமரிக்காததைப் பற்றி யோசிக்கும்போதுதான் பயம். எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர், கைமாறி வந்த ஒரு சிவிடி காரின் ஆயில் பேனைக் கழற்றிக் காட்டினார். உள்ளே இருந்த காந்தத்தில் கறுப்புச் சேறு படிந்திருந்தது. விரலால் வழித்துத் தேய்த்தபோது பளபளவென்று இரும்புத் துகள். "ஆயிலே மாத்தல சார், புல்லி தேய ஆரம்பிச்சிடுச்சு" என்றார். புல்லியும் பெல்ட்டும் தேய்ந்தபின் ஒன்றை மட்டும் மாற்றுவது பெரும்பாலும் வேலைக்கு ஆகாது, முழுக் கியர்பாக்ஸாகவே மாற்றச் சொல்வார்கள். அமெரிக்காவில் 2003 முதல் 2010 வரையான மாடல்களின் சிவிடி வாரண்டியை நிசான் 10 வருடம், 1,20,000 மைல் என்று நீட்டித்ததை நினைத்துப் பாருங்கள். ஆகவே சிவிடி வாங்குவதானால் ஆயில் மாற்றிய பில்லைக் கையில் வாங்கிப் பார்க்காமல் பேரம் பேச வேண்டாம். அதற்கென்று சொல்லப்பட்ட சிவிடி ஆயில்தான் ஊற்றியிருக்கிறார்களா என்பதும் அந்தப் பில்லிலேயே தெரியும்.

ஏஎம்டியை நிறையப் பேர் மட்டமாகப் பேசுகிறார்கள். 2014-ல் செலிரியோவில் வந்தபோதிருந்தே, கியர் மாறும்போது தலை ஆடுகிறது என்ற புகார் உண்டு. புகார் உண்மைதான். ஆனால் உள்ளே இருப்பது நம் மெக்கானிக்குகளுக்குக் கைவந்த அதே மேனுவல் கியர்பாக்ஸ். கிளட்ச்சை மிதிப்பதையும் கியர் போடுவதையும் மேலே பொருத்திய ஆக்சுவேட்டர் செய்கிறது. கிளட்ச் தேய்ந்தால் செலவு ஆயிரங்களில் முடியும். ஆக்சுவேட்டர் போனால் வலிக்கும், ஆனாலும் ஒரு மெக்கட்ரானிக்ஸ் யூனிட் அளவுக்கு வலிக்காது. மாருதியின் ஹைட்ராலிக் ஏஎம்டியில் டிரைவர் கதவைத் திறந்ததும் பம்ப் ஓடும் மெல்லிய சத்தம் கேட்கும். பிரஷர் ஏற்றி வைக்கிறது. வண்டி சும்மா நிற்கும்போதே அந்தச் சத்தம் அடிக்கடி வந்துகொண்டிருந்தால் அக்குமுலேட்டர் பலவீனம் அல்லது எங்கோ கசிவு என்று சந்தேகப்படுங்கள். ஏஎம்டியைக் கொல்லும் பழக்கம் ஒன்று உண்டு: மேட்டில் நிற்கும்போது பிரேக் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தி வண்டியை நிறுத்தி வைப்பது. ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ சீசன் நெரிசலில் இப்படிச் செய்தால் கிளட்ச் கருகும் வாசனை வந்துவிடும். ட்ரை டிசிடிக்கும் இதே கதிதான்.

டார்க் கன்வெர்ட்டர் நால்வரில் மூத்தவர். எண்ணெய் நிரம்பிய கூட்டுக்குள் எதிரெதிராக வைத்த இரண்டு ஃபேன்கள் போல, ஒன்று சுற்றினால் எண்ணெய் தள்ளி மற்றது சுற்றும். ஊரும்போது தேய்வதற்கு அங்கே கிளட்ச் இல்லை. சூடு எண்ணெய்க்குப் போய் கூலரில் ஆறிவிடும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், குறிப்பாகப் பழைய எர்டிகா, சியாஸில் இருந்த நாலு கியர் வகை. ஹைவேயில் ஓவர்டேக் பண்ண யோசிக்கும். ஆனால் இன்னோவா கிரிஸ்டா ஆட்டோமேட்டிக்கை வாடகைக்கு ஓட்டுபவர்களைக் கேட்டுப் பாருங்கள், கியர்பாக்ஸைப் பற்றிப் பேசவே மாட்டார்கள், பேச வேண்டிய அவசியமே வந்திருக்காது. கெட்டாலும் சோலனாய்டு, வால்வ் பாடி, கிளட்ச் பேக் என்று பாகம் பாகமாகப் பிரித்துச் செய்யலாம். அதைச் செய்யும் வொர்க்‌ஷாப்கள் பெரிய ஊர்களில் வெகுகாலமாக இருக்கின்றன. மைலேஜில் போகும் காசை நான் இன்ஷூரன்ஸ் பிரீமியமாகவே பார்க்கிறேன்.

வழியில் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிவிடி, டார்க் கன்வெர்ட்டர் கார்களைக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. எஞ்சின் ஓடாதபோது கியர்பாக்ஸ் பம்ப் ஓடாது, எண்ணெய் இல்லாமல் உள்ளே அரைபடும். எஞ்சின் சக்தி போகும் சக்கரங்கள் தரையில் படாதபடி தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும். ஏஎம்டி நியூட்ரலுக்கு வந்துவிட்டால் கொஞ்ச தூரம் இழுக்கலாம். கியரிலேயே சிக்கிக்கொண்டால் அதற்கும் ரெக்கவரி வண்டிதான்.

சென்னைக் காராக இருந்தால் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களையும் மனதில் வையுங்கள். தண்ணீர் கியர்பாக்ஸின் காற்றுத் துளை வழியாக உள்ளே போய் ஆயிலில் கலந்தால் சிவிடி கொஞ்ச நாள் நன்றாகவே ஓடும், பிறகு நிற்கும். சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துச் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்ப்பது இன்றும் நல்ல சோதனை. இன்ஷூரன்ஸ் கிளெய்ம் வரலாற்றையும் கேளுங்கள்.

எனவே என் வரிசை இது. பட்ஜெட் இடம் கொடுத்தால் டார்க் கன்வெர்ட்டர். சின்ன ஊரில் இருப்பவர், நாலைந்து லட்சத்துக்குள் தேடுபவர் என்றால் தயங்காமல் ஏஎம்டி. சர்வீஸ் பில்கள் முழுசாக இருந்தால் மட்டும் சிவிடி. ட்ரை டிசிடி வேண்டும் என்று மனசு கேட்டால், கம்பெனியின் நீட்டித்த வாரண்டி இன்னும் உயிரோடு இருக்கிற வண்டியாக, உங்கள் பெயருக்கு மாறும் வாரண்டியாகப் பார்த்து எடுங்கள். பழைய கார் விற்கும் நிறுவனங்கள் தரும் வாரண்டியில் கியர்பாக்ஸின் உள்பாகங்கள் சேர்த்தி உண்டா என்று தாளில் படித்துப் பாருங்கள், வாய்ச்சொல் போதாது.

எந்த வகையானாலும் டெஸ்ட் டிரைவைக் காலை எட்டு மணிக்குக் காலி ரோட்டில் முடித்துவிடாதீர்கள். நெரிசலில் முக்கால் மணி நேரம் ஓட்டிச் சூடாக்குங்கள். பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஊரவிடுங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும் இடத்தில் உதறுகிறதா, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ஆர்பிஎம் மட்டும் ஏறி வண்டி பின்தங்குகிறதா, வேகத்தோடு கூடும் ரீங்காரம் வருகிறதா என்று கவனியுங்கள். அந்தச் சூட்டிலேயே ஒரு அபார்ட்மென்ட் சரிவில் ரிவர்ஸில் ஏற்றிப் பாருங்கள். அப்புறம் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கச் சொல்லுங்கள். விற்பவர் அதற்கு மறுத்தால் அட்வான்ஸ் கொடுக்காமல் அடுத்த வண்டியைப் பார்க்கக் கிளம்பிவிடுங்கள்.